நிலத்தைத் தின்னும் குழாய்

திருகோணமலையைப் பற்றி எழுதுகிறவர்கள் பாறையையும் ஆழத்தையும்தான் முதலில் எழுதுவார்கள். கோணேசர் கோயில் நிற்கும் மலை, பெரிய கப்பல்களும் கரையை அண்டி நிற்கக்கூடிய உட்துறைமுகம், கொட்டியாரக் குடாவில் தொடங்கி 3,000 மீற்றருக்கும் மேல் இறங்கிப் போகும் கடலடிப் பள்ளத்தாக்கு. எல்லாம் உண்மை. ஆனால் இந்த ஊரில் சனங்கள் வீடு கட்டிக் குடியிருப்பதில் பெரும்பகுதி பாறையில் அல்ல, மணலில். உட்துறைமுகத்துக்கும் டச்பே கடற்கரைக்கும் இடையில் ஒடுங்கிக் கிடக்கும் நிலத்திலும், அங்கிருந்து வடக்கே அலஸ்தோட்டம், உப்புவெளி, நிலாவெளி என்று நீளும் கரையோரத்திலும் மண்வெட்டி போட்டால் மணல்தான் வரும். இன்னும் கொஞ்சம் தோண்டினால் தண்ணீர்.

அப்படிப்பட்ட ஒரு வீட்டின் அத்திவாரத்துக்கு அடியில், கக்கூசிலிருந்து பின்வளவுக் குழிக்குப் போகும் 4 அங்குலக் குழாய் வெடித்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். என்ன நடக்கும் என்று கேட்டால் எவரும் சொல்லும் பதில்: அழுக்குத் தண்ணீர் வெளியே கசியும், மணக்கும், கிணறு கெடும். சரியான பதில்தான், ஆனால் பாதிப் பதில். வீட்டுக்கு ஆபத்து வருவது குழாயிலிருந்து வெளியே போகும் தண்ணீரால் அல்ல. வெளியிலிருந்து குழாய்க்குள் போகும் மண்ணால். வெடித்த குழாய் ஒரு வாய். வீடு எந்த மண்ணை நம்பி நிற்கிறதோ அந்த மண்ணை அது சிறுகச் சிறுகத் தின்று குழிக்கு அனுப்பிவிடுகிறது.

இது எப்படி நடக்கிறது என்பதை இந்த ஊரின் பருவங்களோடு சேர்த்துப் பார்த்தால்தான் விளங்கும். மாசி, பங்குனியிலிருந்து ஆவணி, புரட்டாதி வரை நிலத்தடி நீர் கீழே இறங்கிக் கிடக்கும். அப்போது வெடிப்பு வழியாகக் கழிவுநீர் வெளியேதான் போகும். போன நீரிலிருக்கும் அழுக்கில் நுண்ணுயிர்கள் பெருகி, வெடிப்பைச் சுற்றியுள்ள மணலில் கறுத்த வழுவழுப்பான ஒரு படையைப் போட்டுவிடும். அந்தப் படை மணற்பருக்கைகளின் இடைவெளிகளை அடைத்துக் கசிவைக் குறைக்கும். அழுக்கே அழுக்குக்கு அணை போடுகிறது. கோடை முழுக்க வீட்டில் ஒரு குறையும் தெரியாமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பிறகு மாரி வரும். திருகோணமலைக்கு ஆண்டில் கிடைக்கும் மழையில் பாதிக்கு மேல் ஒக்டோபர், நவம்பர், டிசெம்பர் மாதங்களில் கொட்டித் தீர்க்கிறது. கிணற்றில் தண்ணீர் ஏறுவதைக் கண்ணால் காணலாம். வீட்டுக்கு அடியிலும் அதே ஏற்றந்தான். நீர்மட்டம் குழாய்க்கு மேலே வந்ததும் ஓட்டம் திரும்பிவிடும். வெளியே அழுத்தம் கூட, உள்ளே குழாய் பெரும்பாலான நேரம் வெறுமையாக இருக்க, நிலத்தடி நீர் வெடிப்பு வழியே உள்ளே பாயும். கோடையில் படிந்த படையை அது பெயர்த்துத் தள்ளும். அதற்குப் பின்னால் நுண்மணல் வரும். அடுத்த முறை யாரோ ஒருவர் தண்ணீர் ஊற்றும்போது அந்த மணல் குழிக்குப் போய்ச் சேரும். குழாய் மறுபடி காலி. மறுபடி மணல்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒவ்வொரு முறை தண்ணீர் ஊற்றும்போதும் ஒரு மேசைக்கரண்டி, அதாவது 15 மில்லிலீற்றர் மணல் போகிறது என்று வைத்தால், நாளைக்கு 20 முறையில் 300 மில்லிலீற்றர். மூன்று மாத மாரியில் 27 லீற்றர். இரண்டு பெரிய வாளி மணல், யாரும் மண்வெட்டி தொடாமல், வீட்டுக்கு அடியிலிருந்து காணாமல் போயிருக்கும். இப்படி நாலைந்து மாரி போனால் நிலத்துக்குக் கீழே ஒரு பொந்து இருக்கும்.

அந்தப் பொந்து ஏன் உடனே இடிந்து விழுவதில்லை என்பதுதான் எனக்கு இந்த விடயத்தில் மிகப் பெரிய வியப்பு. கடற்கரையில் பிள்ளைகள் ஈரமணலில் சுரங்கம் குடைந்து மறுபக்கத்தால் கைவிட்டு விளையாடுவார்கள். சுரங்கம் நிற்கும். அதே மணல் காய்ந்தால் சரியும், அலை வந்து மூடினால் கரையும். ஈரமணலில் பருக்கைகள் தொடும் இடங்களில் நீர் மெல்லிய வளையமாக நின்று, தன் பரப்பு இழுவிசையால் அவற்றை ஒன்றோடொன்று இழுத்துப் பிடிக்கிறது. காய்ந்த மணலில் அந்த வளையம் இல்லை. முழுக்க நனைந்த மணலில் இடைவெளியெல்லாம் நீர் நிறைந்துவிடுவதால் வளையத்துக்கு வேலை இல்லை. வீட்டுக்கு அடியில் இருப்பது பெரும்பாலும் இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் ஈரமணல்.

இதற்கு மேல் இன்னொரு காரணமும் உண்டு. மண் பொறியியலை ஒரு துறையாக நிறுவிய கார்ல் டெர்சாகி 1936இல் ஒரு சோதனையை வெளியிட்டார். ஒரு பெட்டியில் மணலை நிரப்பி, அடித்தட்டில் ஒரு சிறு கதவு வைத்து, அந்தக் கதவைச் சற்றே கீழே இறக்கினார். கதவின் மேலிருந்த மணலின் பாரம் அப்படியே கதவின் மேல் இறங்கவில்லை. மிகச் சிறு பங்கு தவிர மற்றதெல்லாம் பக்கத்து மணலுக்கு மாறிவிட்டது. மணல் தனக்குத் தானே ஒரு வளைவைக் கட்டிக்கொள்கிறது. கொத்தனார் இல்லாமல், சீமெந்து இல்லாமல். அந்த வளைவுக்கு மேல் கொங்கிறீட் நிலமும் இருந்தால், பொந்து வருடக்கணக்கில் மூச்சுக் காட்டாமல் நிற்கும். பிறகு ஒரு மாரியில் நீர் வழக்கத்தை விட ஓரடி உயர்ந்து வளைவின் காலை நனைக்கும். அன்றைக்கு நிலம் இறங்கும்.

வீட்டளவில் நடப்பதே ஊரளவிலும் நடக்கும். குவாத்தமாலா நகரத்தில் 2007 பெப்ரவரியில் ஏறத்தாழ 100 மீற்றர் ஆழத்துக்குத் தெருவே உள்ளே போனது. 2010 மே மாத இறுதியில், அகத்தா புயல் மழையோடு, இன்னொரு குழி ஒரு மூன்று மாடிக் கட்டடத்தை விழுங்கியது. எரிமலைச் சாம்பல் படிந்த இளகிய நிலமும் அதற்குள் ஒழுகிய கழிவுநீரும் சேர்ந்து செய்த வேலை என்றுதான் நிலவியலாளர் விளக்கினார்கள். யப்பானில் சைத்தாமா மாகாணத்து யஷியோ நகரில் 2025 ஜனவரி 28ஆம் திகதி காலை, ஒரு சந்தியில் வீதி உடைந்து ஒரு பாரவண்டி சாரதியோடு உள்ளே விழுந்தது. 10 மீற்றர் ஆழத்தில் 1983இலிருந்து பயன்பாட்டில் இருந்த, 4.75 மீற்றர் விட்டமுள்ள கழிவுநீர்க் குழாய் அரித்துப்போய் மேல்மண் அதற்குள் இறங்கியிருந்தது. மீட்பு வேலைக்காக 12 இலட்சம் பேரிடம் குளிப்பதையும் துவைப்பதையும் குறைத்துக்கொள்ளச் சொன்னார்கள். அந்தச் சாரதியின் உடலை மே மாதத்தில்தான் எடுக்க முடிந்தது.

அந்தக் குழாயை அரித்ததாகச் சொல்லப்படுவது ஒரு வாயு. கழிவுநீரில் காற்றில்லாத இடத்தில் வாழும் நுண்ணுயிர்கள் சல்பேற்றை ஐதரசன் சல்பைட்டாக மாற்றுகின்றன. அழுகிய முட்டை மணம் அதுதான். வாயு மேலே எழுந்து குழாயின் ஈரமான மேற்கூரையில் ஒட்டும். அங்கே காற்றோடு வாழும் வேறு நுண்ணுயிர்கள் அதைக் கந்தக அமிலமாக்குகின்றன. சீமெந்து கரைகிறது. தண்ணீர் ஓடும் அடிப்பகுதி அப்படியே இருக்க, தண்ணீரே தொடாத மேற்பகுதி அரித்துப் போவதேன் என்று பொறியியலாளர் நெடுங்காலம் குழம்பினார்கள். மெல்பேண் நகரத்துக் குழாய்களை ஆராய்ந்த பார்க்கர் 1945இல்தான் இந்த அமில உயிரியைப் பிரித்துக் காட்டினார். நம் பழைய வீடுகளில் கிடக்கும் சுட்டகளிமண் குழாய்களின் சீமெந்துப் பூட்டுகளுக்கும் இதே கதிதான்.

இப்போதைய வீடுகளில் பீ.வீ.சீ. குழாய். அமிலம் அதை ஒன்றும் செய்யாது. அது முறிவதற்குக் காரணம் வேறு, பெரும்பாலும் ஒரே இடத்தில். கருங்கல் அத்திவாரத்தைக் குழாய் கடக்கும் இடத்தைப் பாருங்கள். கல்லை உடைத்து ஓட்டை போட்டு, குழாயைச் சொருகி, சுற்றிச் சீமெந்துக் கலவையை இறுக்கி அடைத்திருப்பார்கள். பார்க்க நேர்த்தியாக இருக்கும். ஆனால் வீடு தன் பாரத்தால் சில மில்லிமீற்றர் இறங்கும். வெளிவளவு மண் இறங்காது. குழாயின் ஒரு முனை சுவரோடு கீழே போக, மறுமுனை மண்ணோடு நிற்க, சுவரின் முகத்திலேயே குழாய் வெட்டுப்படும். சரியான முறை, குழாயைச் சுற்றிக் குறைந்தது 5 சென்ரிமீற்றர் வெளி விட்டு, மேலே ஒரு சிறு கொங்கிறீட் பாளத்தால் சுவரைத் தாங்கி, வெளியை இளகிய பொருளால் மூடுவது. அல்லது சுவரின் இரு பக்கமும் றப்பர் வளையப் பூட்டு வைத்து, நடுவில் ஒரு குட்டைத் துண்டைப் போடுவது. சுவர் இறங்கினால் அந்தத் துண்டு மட்டும் சற்றே சாயும், முறியாது. இரண்டு பூட்டுக்கும் ஆகும் செலவு நாளைக்கு உடைக்கப்போகும் டைல்ஸ் விலைக்குக் கிட்டவும் வராது.

இலங்கையில் வீதிக்கு அடியில் போகும் பொதுக் கழிவுநீர்க் குழாயோடு இணைந்த வீடுகள் நூற்றுக்கு மிகச் சில. அவற்றில் பெரும்பகுதி கொழும்பில். மற்ற ஊர்களைப் போலத்தான் திருகோணமலையிலும்: பெரும்பாலும் வீட்டுக்கு வீடு தனிக்குழி. ஆகவே இந்தக் குழாயைப் பற்றி முடிவெடுப்பவர்கள் வீட்டுக்காரரும் மேசனுந்தான். மண் எப்படி நடக்கும் என்ற அறிவு போய்ச் சேரவேண்டிய இடமும் அந்த இருவரே.

முதலில் கண்டுபிடிக்க வேண்டும். அனுபவமுள்ள மேசன் அலவாங்கின் பின்முனையால் நிலத்தைத் தட்டிக்கொண்டே போவார். சத்தம் மாறும் இடத்தில் சோக்கால் ஒரு வட்டம். "அக்கா, இதுக்குள்ள கூடு விழுந்திருக்கு" என்பார். ஆனால் டைல்ஸுக்குக் கீழே கலவை சரியாகப் பிடிக்காமல் இருந்தாலும் அதே வெற்றுச் சத்தந்தான் வரும். ஆகவே அந்த வட்டத்தை நம்பி உடனே உடைக்கக் கூடாது. குழிக்குப் போகும் முனையை அடைத்து, குழாயில் தண்ணீர் நிரப்பி, மட்டத்தைக் குறித்துவிட்டு ஒரு மணிநேரம் பார்க்க வேண்டும். மட்டம் இறங்கினால் ஒழுக்கு உண்டு. இப்போது தொலைபேசியோடு இணைக்கும் சிறு கமெராக்கள் மலிந்துவிட்டன. கம்பியில் கட்டி உள்ளே விட்டால் வெடிப்பைக் கண்ணால் காணலாம். ஒழுக்கு கிணற்றை எட்டுகிறதா என்று அறிய, துணிக்குப் போடும் நீலத்தூளைக் கரைத்து ஊற்றிப் பயனில்லை. அது கரையாத நுண்தூள், மணல் வடித்துவிடும். முழுமையாகக் கரையும் புளோரசீன் சாயம் வேண்டும். 1877இல் ஜெர்மனியில் தன்யூப் ஆற்றின் நீர் நிலத்துக்குள் மறையும் இடத்தில் இந்தச் சாயத்தில் 10 கிலோ ஊற்றினார்கள். இரண்டரை நாள் கழித்து, 12 கிலோமீற்றர் தள்ளி ஆக் ஊற்றில் பச்சையாக ஒளிர்ந்துகொண்டு வந்தது. வீட்டுக்கு ஒரு சிட்டிகை போதும்.

இடம் தெரிந்த பிறகு நிலத்தை உடைத்து இறங்குவதுதான் வழக்கம். இங்கேதான் அக்கறையுள்ள வேலைகூட வீட்டுக்குத் தீங்காகிவிடுகிறது. அத்திவாரத்தின் அடி ஓரத்திலிருந்து 45 பாகையில் சரிவாக ஒரு கோடு கீறினால், அந்தக் கோட்டுக்கு உட்பட்ட மண் சுவரின் பாரத்தைச் சுமக்கிறது. அதற்குள் நீளமாகக் கிடங்கு வெட்டினால் சுவருக்குக் காலில்லாமல் போகும். அதற்குள் போகத்தான் வேண்டுமென்றால் ஒரு மீற்றருக்கு மேல் ஒரே நேரத்தில் திறக்காமல், திறந்ததை முடித்து மூடிவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும்.

இதைவிடப் பெரிய பிழை தண்ணீர் இறைப்பதில் நடக்கும். மாரியில் தோண்டிய கிடங்கில் ஊற்றெடுத்தால் உடனே மோட்டரைப் போட்டு இறைப்பார்கள். வெளியே விழும் தண்ணீர் கலங்கலாக இருந்தால் அதில் போவது சேறு அல்ல, வீட்டுக்கு அடியிலிருக்கும் மணல். வெடித்த குழாய் நாலு மாரியில் செய்ததை மோட்டர் ஒரு பின்னேரத்தில் செய்துவிடும். செய்ய வேண்டியது சின்ன விடயம். ஒரு பிளாஸ்ரிக் வாளியில் துளைகள் போட்டு, வடிகட்டும் துணியால் சுற்றி, கிடங்கின் மூலையில் புதைத்து, சுற்றி மாச்சல்லி நிரப்பி, மோட்டரின் குழாயை அந்த வாளிக்குள் விடுவது. தண்ணீர் தெளிவாக வர வேண்டும். தெளியாவிட்டால் இறைப்பதை நிறுத்த வேண்டும். கோடை வரைக்கும் பொறுக்க முடியுமென்றால் பொறுப்பதே நல்லது.

இந்த வடிகட்டலிலும் ஓர் அழகான ஒழுங்கு இருக்கிறது. நுண்மணலைத் தடுக்க நுண்மணலை விடச் சிறிய துளை வேண்டும் என்று நினைப்போம். வேண்டியதில்லை. வடிகட்டும் சல்லியில் உள்ள சிறிய கற்கள், தடுக்க வேண்டிய மணலில் உள்ள பெரிய பருக்கைகளைப் போல 4 அல்லது 5 மடங்குக்கு உட்பட்ட அளவில் இருந்தால் போதும். கற்களின் இடைவெளியில் பெரிய பருக்கைகள் சிக்கும். அவற்றின் இடைவெளியில் நடுத்தரப் பருக்கைகள். அவற்றில் நுண்ணியவை. மண்ணே தன்னைத் தடுக்கும் வலையைப் பின்னிக்கொள்கிறது. இந்த விதியும் டெர்சாகியுடையதே. இதை மறந்து, நுண்மணலில் குழாய்க்கு மெத்தையாக முக்கால் அங்குலக் கல்லை வெறுமனே கொட்டினால், மணல் கற்களுக்குள் இறங்கி மறுபடி பொந்து விழும். கல் போடுவதென்றால் அடியிலும் பக்கத்திலும் வடிகட்டும் துணி விரிக்க வேண்டும்.

குழாய்த் துண்டை மாற்றுவது ஒரு மணிநேர வேலை. நனைந்த குழாயில் பசை பிடிக்காது என்பதை மட்டும் சொல்ல வேண்டும். பீ.வீ.சீ. பசை உண்மையில் ஒட்டும் பொருள் அல்ல. இரு முகங்களையும் கரைத்து ஒன்றாக உறையச் செய்யும் கரைப்பான். ஊற்றெடுக்கும் கிடங்கில் அதை நம்பாமல், எவர்சில்வர் பட்டியால் இறுக்கும் றப்பர் இணைப்பைப் போடுவதே சரி. சாய்வு மீற்றருக்கு 2.5 சென்ரிமீற்றர், தண்ணீர்மட்டக் குழாயால் இரு முனையையும் பார்த்தே வைக்க வேண்டும். புதுக்குழாயை மூடாமல் இரவு விடவும் கூடாது. மழை பெய்து கிடங்கு நிரம்பினால், 110 மில்லிமீற்றர் வெறுங்குழாயை நீர் மீற்றருக்கு 9 கிலோவுக்கு மேல் மேலே தள்ளும். காலையில் சாய்வு போயிருக்கும்.

உடைக்காமல் திருத்தும் வழியும் உண்டு. 1971இல் எரிக் வூட் என்ற ஆங்கிலப் பொறியியலாளர் இலண்டனின் ஹக்னி பகுதியில் நூறாண்டுப் பழைய செங்கற் சாக்கடை ஒன்றுக்குள், பிசின் ஊறிய துணிக் குழல் ஒன்றைச் செலுத்தினார். பிசின் இறுகியதும் பழைய சுவருக்குள் மூட்டே இல்லாத புதுக்குழாய் ஒன்று உருவாகியிருந்தது. இன்று உலகம் முழுக்க இந்த முறை. 4 அங்குலக் குழாய்க்கும் செய்யலாம்; கண்ணாடியிழைத் துணியைப் பிசினில் தோய்த்து, ஊதும் பையால் வெடிப்பின் மேல் அழுத்தி வைக்கும் சிறு ஒட்டும் உண்டு. மனித மூளை கண்ட நேர்த்தியான தீர்வுகளில் இதை ஒன்றாக மதிக்கிறேன். ஆனால் நம் வீட்டுக்கு இது பாதி மருந்துதான். வாயை மூடும், ஏற்கெனவே தின்ற மண்ணைத் திருப்பித் தராது. தொய்ந்த குழாயை நிமிர்த்தவும் மாட்டாது.

ஆகவே எந்த வழியில் திருத்தினாலும் பொந்தை நிரப்பியே ஆக வேண்டும். மேலிருந்து மணலைக் கொட்டி மிதித்தால் பக்கவாட்டில் ஓடியிருக்கும் பொந்துக்குள் அது போகாது. நிலத்தில் இரண்டு துளை போட்டு, ஒன்றின் வழியாக நன்றாக ஓடும் சீமெந்து மணற்கூழை மெதுவாக ஊற்ற வேண்டும்; மற்றதால் காற்று வெளியேறும். கூழ் மற்றத் துளையில் தலைகாட்டினால் நிறைந்தது என்று அர்த்தம். பம்பால் அழுத்தித் தள்ளினால் நிலம் தூக்கும். இதைச் செய்யாமல் வெடித்த டைல்ஸை மட்டும் மூன்று முறை மாற்றிய வீடுகள் இருக்கின்றன. அது திருத்தமே அல்ல.

என்னைக் கேட்டால், வளவில் இடமுள்ள எந்த வீட்டிலும் பழைய குழாயை அப்படியே கைவிட்டு, சுவருக்கு வெளியால் புதுக்குழாய் போட்டு வீட்டைச் சுற்றிக் கொண்டுபோவதைத்தான் சொல்வேன். வீட்டுக்கு அடியில் கழிவுக் குழாய் போகக் கூடாது. போக வேண்டி வந்தால் மிகக் குறுகிய வழியால் போக வேண்டும். கைவிட்ட குழாயையும் வெறுமனே விட்டால் மண் தின்னும் வாய் மூடாது. இரு முனையையும் அடைத்து, உள்ளே கூழ் நிரப்ப வேண்டும்.

இந்த வேலையில் எப்படியும் குழியைத் திறக்க நேரும். யாரும் அதற்குள் தலையை விடவோ இறங்கவோ கூடாது. ஐதரசன் சல்பைட் காற்றை விடப் பாரமானது, அடியில் தங்கும். கொஞ்சமாக இருக்கும்போது மணக்கும். கூடும்போது மூக்கின் உணர்வை மழுங்கடித்துவிடும், மணம் போய்விட்டதென்று நம்பவைக்கும். இறங்கியவர் விழ, தூக்கப் போனவரும் விழுந்து, ஒரே குழியில் இருவரும் மூவரும் இறந்த செய்திகளைத் தமிழ்நாட்டிலிருந்தும் இங்கேயிருந்தும் வாசித்துக்கொண்டே இருக்கிறோம். பவுசரை அழைத்து மேலிருந்தே உறிஞ்ச வைப்பதற்கு ஆகும் காசு எந்த மேசனின் உயிருக்கும் ஈடல்ல.

வேலை முடியும்போது சுவருக்கு வெளியே, குழாய் வளவுக்குள் வந்ததும், மூடியுள்ள ஒரு சிறு பார்வைப் பெட்டி கட்டச் சொல்லிக் கேளுங்கள். நிறைய வீடுகளில் அது இருப்பதில்லை. குளியலறைத் தண்ணீருக்கு வேறு குழாய் இருக்கட்டும். கடற்கரை ஊரில் காலோடு வரும் மணல் அதில் போகும். பெட்டியில் கக்கூஸ் குழாய் மட்டும் வந்து சேர வேண்டும். மாரி நடுவில் ஒரு நாள் மூடியைத் திறந்து அடியைப் பாருங்கள். அங்கே மணல் படிந்திருந்தால், அது வீட்டுக்கு அடியிலிருந்துதான் வந்திருக்கிறது. அந்தக் குழாய்க்குள் மணல் வர வேறு வழியே இல்லை.